பாறைக் கரைக்கு எந்த பிரெய்டு? வாசகர் கேள்வி பதில்

தூண்டில் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நரம்பைப் பற்றித்தான். மணல் கரையில் போடுகிறவர்களுக்கு இதில் பெரிய தலைவலி இல்லை, எந்த நரம்பைப் போட்டாலும் ஓரளவு ஓடிவிடும். கல் இருக்கிற இடத்தில்தான் காசும் போகிறது, மீனும் போகிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் நின்று தூண்டில் போடுகிறேன். இவ்வளவு நாளும் 0.45 மி.மீ. நைலான் நரம்புதான். கடைக்காரர், “இதைப் போட்டுப் பாருங்க, அப்புறம் நைலானைத் தொடவே மாட்டீங்க” என்று 30 பவுண்டு, எட்டு இழை பிரெய்டு ஒன்றைக் கொடுத்தார். விலையும் நைலானைப் போலப் பல மடங்கு. முதல் நாளே அடுத்தடுத்து ஈயம் போனது, ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது மீட்டர் நரம்போடு சேர்ந்து அறுந்தது. நைலான் இப்படிப் போனதே இல்லை. பிரெய்டு பலம் என்பதெல்லாம் சும்மாவா? இல்லை, நான் வாங்கியதுதான் தப்பா?
(முட்டம் வாசகர்)

பதில்: பலம் பொய்யில்லை. ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் பவுண்டு கணக்கு, நேராக இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு மட்டும்தான். கல்லில் உரசினால் எவ்வளவு தாங்கும் என்று எந்தப் பாக்கெட்டிலும் போட மாட்டார்கள், பாறையில் நின்று போடுகிறவருக்கு வேண்டியதோ அந்த இரண்டாவது கணக்கு.

பிரெய்டு என்பது தலைமுடியைவிட மெல்லிய பாலிஎத்திலீன் நார்களைச் சேர்த்து இழையாக்கி, அந்த இழைகளை ஜடை போலப் பின்னியது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று சொல்கிறார்களே, அந்த நார்தான். குண்டு துளைக்காத சட்டைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். அதே எடை எஃகுக் கம்பியைவிடப் பல மடங்கு பலம், அதனால்தான் 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ தாங்குகிற நரம்பை கால் மில்லிமீட்டர் தடிமனில் செய்ய முடிகிறது. உங்களுடைய பழைய 0.45 நைலானும் ஏறத்தாழ அதே பலம்தான். இப்போது தடிமனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.25 மி.மீ. பிரெய்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.45 நைலானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பியின் விளிம்புக்கு அறுப்பதற்கு அவ்வளவு குறைந்த சரக்குதான் இருக்கிறது, அதனால் பலம் ஒன்றாக இருந்தும் ஆயுள் ஒன்றாக இல்லை.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. நைலான் இழுத்தால் 20 சதவீதத்துக்கு மேலேயே நீளும், பிரெய்டு 5 சதவீதம்கூட நீளாது. மீன் கடித்தது தெரிவதற்கும், தூரத்திலிருந்து முள்ளைப் பதிய வைப்பதற்கும் இந்த நீளாத குணம் அருமையானது. ஆனால் நரம்பு ஒரு கல்லின் முனையில் வளைந்து கிடக்கும்போது மீன் வெட்டி இழுத்தால், அந்த அடி முழுவதும் அந்த ஒரு புள்ளியிலேயே விழுகிறது. நைலான் என்றால் நீண்டு கொடுத்துக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அடுத்தது, பிரெய்டுக்கு விறைப்பே கிடையாது. தளர்ந்த உடனே நூல் மாதிரி கல் இடுக்கில் போய்ப் படிந்துவிடும். விறைப்பான நைலான் அவ்வளவு சுலபமாக இடுக்குக்குள் இறங்காது.

ஆகவே கல் கரைக்குப் பிரெய்டு வாங்கும்போது பவுண்டை மறந்துவிட்டுத் தடிமனைக் கேளுங்கள். பாக்கெட்டில் பி.இ. என்று ஒரு எண் இருக்கும், அது ஜப்பான்காரர்கள் வைத்த தடிமன் கணக்கு. பி.இ. 1 என்றால் 0.165 மி.மீ., 2 என்றால் 0.235, 3 என்றால் 0.285, 4 என்றால் 0.33, 6 என்றால் 0.405. உங்கள் கையில் இருப்பது பி.இ. 2 அல்லது அதற்குச் சற்று மேலே. முட்டம், கடியப்பட்டணம் மாதிரி அடியிலும் கல், காலடியிலும் கல், இரண்டிலும் சிப்பி என்று இருக்கிற இடத்தில் பி.இ. 4, நாலு இழை போடுங்கள். 6000 அளவு ரீலில் அது 200 மீட்டர் அளவுக்குப் பிடிக்கும், கரையிலிருந்து போடுவதற்கு அது போதும். இதனால் வீச்சில் கொஞ்சம் தூரம் குறையும்தான், குறையட்டும். அந்த இடத்தில் மீன் கல்லை ஒட்டித்தானே நிற்கிறது.

தடித்த பிரெய்டு மட்டும் போதுமா என்றால், போதாது. கல்லைத் தொடுகிற பகுதி பிரெய்டாகவே இருக்கக் கூடாது. அதற்குத்தான் லீடர், அதாவது பிரெய்டின் முனையில் முடிச்சுப் போட்டுச் சேர்க்கிற தடித்த நரம்புத் துண்டு. பலர் ஒரு முழ நீளத்துக்கு லீடர் கட்டிவிட்டு லீடர் போட்டிருக்கிறேன் என்கிறார்கள், மணலுக்கு அது சரி. நீங்கள் வற்றம் இறங்கிய நேரத்தில் ஒருமுறை போய், நீங்கள் நிற்கிற பாறை எப்படி இறங்குகிறது, படிப்படியாக எவ்வளவு தூரம் போய் ஆழத்தில் விழுகிறது என்று பார்த்து வையுங்கள். மீன் அந்தக் கடைசிப் படியின் ஓரத்துக்கு வரும்போது முடிச்சு ரீலுக்குள் வந்திருக்க வேண்டும், அதாவது அந்த நேரத்தில் பாறையில் உரசுவது முழுக்க லீடராக இருக்க வேண்டும். உங்கள் இடத்துக்கு 6 முதல் 8 மீட்டர், 0.70 அல்லது 0.80 மி.மீ. நைலான். ஃபுளோரோகார்பன் என்கிற விலை கூடிய நரம்பு வேண்டுமா என்று கேட்பீர்கள். அதன் மேல்தோல் நைலானைவிடக் கடினம், உண்மைதான், ஆனால் நாளுக்கு ஒருமுறை வெட்டி மாற்ற வேண்டிய பொருளுக்கு அவ்வளவு விலை கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தடித்த சாதா நைலானை அடிக்கடி மாற்றுகிறவர், விலை உயர்ந்த லீடரைச் சிராய்ப்போடு வைத்துக்கொண்டிருப்பவரைவிட அதிக மீனைக் கரையேற்றுவார்.

லீடரால் காப்பாற்ற முடியாத நிலைமை ஒன்று உண்டு. உங்களுக்கும் இரைக்கும் நடுவில், தண்ணீருக்குள் ஒரு பார் (பாறைத் திட்டு) குறுக்கே கிடந்தால், நடு நரம்பு அதன் மேலேயே கிடந்து தேயும். அதற்கு எந்த பிரெய்டும் மருந்தில்லை. இடத்தை மாற்றுங்கள், அல்லது உயரமான கல்லில் ஏறி நின்று ராடைத் தூக்கிப் பிடித்து நரம்பைத் தளரவிடாமல் வையுங்கள், அல்லது அந்தப் பாருக்கு இந்தப் பக்கமே போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடுவது 40 மீட்டருக்குள்தான் என்றால், பிரெய்டு இல்லாமல் 0.50 நைலானே போட்டுக்கொள்ளலாம். தூரமும் கடி தெரிவதும் முக்கியமாகும்போதுதான் பிரெய்டுக்குக் கொடுத்த காசு திரும்பி வரும்.

கேள்வி: எண்ணூர் பக்கம் தூண்டில் வளைவுகளில் நண்பர்களோடு போடுகிறோம். நாலு இழை, எட்டு இழை, இப்போது பன்னிரண்டு இழை என்கிறார்கள். இழை கூடக்கூட பலம் கூடுமா?
(திருவொற்றியூர் வாசகர்)

பதில்: கூடாது. ஒரே தடிமனில் நாலு இழையும் எட்டு இழையும் கிட்டத்தட்ட ஒரே அளவு நார்தான். எட்டு இழையில் ஒவ்வொரு இழையும் பாதி மெல்லிசு, அதனால் பின்னல் உருண்டையாக, வழவழப்பாக இருக்கும், ராடு வளையத்தில் சத்தமில்லாமல் ஓடும், சில மீட்டர் கூடுதலாகவும் போகும். நாலு இழையை விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் சொரசொரப்பு தெரியும், வீசும்போது வளையத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். ஆனால் இழை தடித்தது, கல்லில் பட்டால் தேய்ந்து அறுபட நேரம் பிடிக்கும். நாலில் ஒன்று போனால் கால் பங்கு பலம் போய்விடுமே, எட்டில் ஒன்று போனால் எட்டில் ஒரு பங்குதானே என்று வாதம் செய்வார்கள். கணக்குக்குச் சரி. ஆனால் கல் முனை ஒரே ஒரு இழையைத் தேடிப் பிடித்து அறுப்பதில்லை. மெல்லிய இழைகள் என்றால் ஒரு உரசலில் இரண்டு மூன்று சேர்ந்தே போகும்.

ஆனால் உங்கள் இடம் முட்டம் மாதிரி இல்லை. தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் கொட்டிய கருங்கல். அந்தக் கல் முடிகிற இடத்துக்கு அப்பால் பெரும்பாலும் மணல். ஆக உங்களுக்கு ஆபத்து காலடியில்தான், தூரத்தில் இல்லை. உடைத்த கல் என்பதால் விளிம்பு கூர்மை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பெரிய பொந்து வேறு. அங்கே நான் பி.இ. 2 அல்லது 2.5, எட்டு இழையே போடச் சொல்வேன், லீடரை மட்டும் 5, 6 மீட்டருக்குக் குறைக்காமல் 0.60 அல்லது 0.70 நைலானில் வையுங்கள். மெல்லிய நரம்பை நீரோட்டம் அவ்வளவாகத் தள்ளாது, அதனால் ஈயமும் குறைவாகப் போட்டுச் சமாளிக்கலாம். ஈயம் குறைந்தால் மாட்டுவதும் குறையும்.

பன்னிரண்டு இழை வேண்டாம், கல்லுக்கு அது ஆகவே ஆகாது. இழை எண்ணிக்கையைவிடப் பின்னலின் நெருக்கத்தைப் பாருங்கள். கடையில் ஒரு சாண் நரம்பை இரண்டு கையிலும் பிடித்து, இரு முனையையும் உள்பக்கமாகத் தள்ளுங்கள். பின்னல் உடனே விரிந்து நாடா மாதிரி தட்டையானால் அது தளர்ந்த பின்னல், மணலும் உப்பும் உள்ளே போய் உள்ளிருந்தே அறுக்கும். நெருக்கமான பின்னல் அவ்வளவு சுலபமாக விரியாது.

கேள்வி: இணையத்தில் 300 மீட்டர், 0.20 மி.மீ., 100 பவுண்டு என்று போட்டு மிகக் குறைந்த விலைக்கு ஒரு பிரெய்டு விற்கிறார்கள். வாங்கலாமா?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து உண்மையாக இருக்க வாய்ப்பே இல்லை. 100 பவுண்டு என்றால் 45 கிலோ. 0.20 மி.மீ. நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.031 சதுர மில்லிமீட்டர். இந்த வகை நார் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 350 கிலோ அளவில் தாங்கும். நடுவில் இடைவெளியே இல்லாத முழு நாராக இருந்தாலும் 11 கிலோ, அதாவது 25 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவுதான் வருகிறது. நார் இன்னும் உசத்தி என்று வைத்துக்கொண்டாலும் நாலு மடங்கு எங்கிருந்து வரும்?

நடப்பது என்னவென்றால், தடிமனைக் குறைத்தும் பலத்தைக் கூட்டியும் அச்சடித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது 0.40 மி.மீ. தடிமனும் 40 பவுண்டு பலமும் உள்ள நரம்பாக இருக்கலாம். அப்படியென்றால் கல் கரைக்கு அது கெட்ட நரம்பில்லை, விலைக்கு நல்லதுதான். என்ன வாங்கினோம் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும், அவ்வளவே. வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பென்சிலில் 20 சுற்று, ஒன்றையொன்று ஒட்டியபடி, மேலே ஏறாமல் சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் அளந்து 20 ஆல் வகுங்கள். 8 மி.மீ. வந்தால் 0.40. பலத்துக்கு, வழவழப்பான ஒரு குழாயில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி நுனியைக் கட்டுங்கள். சுற்றிலேயே பிடிப்பு வந்துவிடுவதால் முடிச்சில் சுமை விழாது. கீழ் முனையையும் அதே மாதிரி வாளியின் கைப்பிடியில் ஒரு கட்டையைக் கொடுத்து அதில் சுற்றிக் கட்டி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் வாளி தொங்கும்படி வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி போதாவிட்டால் அதில் கல்லைப் போடலாம்.

நார் அசல்தானா என்று பார்க்க, சிறு துண்டு ஒன்றை வெட்டி சோப்புத் தண்ணீரில் நன்றாக அமுக்கி நனைத்து விடுங்கள். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு, மேலே மிதந்து வரும். பாலியஸ்டர் கலந்து பின்னியிருந்தால் மூழ்கும். வேண்டுமென்றே மூழ்குவதற்காகக் கலந்து செய்கிற நல்ல நரம்புகளும் உண்டு, ஆனால் அவற்றில் அதைப் பாக்கெட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வது போல நீள லீடர் கட்டினால் முடிச்சு ராடு வளையத்தில் தட்டுகிறது, வீசும்போது அங்கேயே அறுந்தும் போகிறது. நடுவில் ஸ்விவல் (சுழலும் உலோக இணைப்பு) போடலாமா?
(கோவளம் வாசகர்)

பதில்: ஸ்விவல் வேண்டவே வேண்டாம். வளையத்துக்குள் நுழையாது, நுழைந்தாலும் வளையத்தின் பீங்கானை உடைக்கும். உடைந்த பீங்கான் கல்லைவிட மோசமாகப் பிரெய்டை அறுக்கும். (சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்திலும் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் பஞ்சு பிடித்துக்கொள்ளும்.)

எஃப்ஜி முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். லீடரை மடக்காமல், நேராகக் கிடக்கும் லீடரின் மேல் பிரெய்டை மட்டும் சுற்றுகிற முடிச்சு அது, அதனால் தடிமன் மிகக் குறைவு. லீடரை இறுக்கமாக நிறுத்திக்கொண்டு, பிரெய்டை அதன் மேல் ஒரு சுற்று வலப்பக்கமாக, அடுத்தது இடப்பக்கமாக என்று மாற்றி மாற்றி 20 சுற்று போடுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டியே உட்கார வேண்டும், மேலே ஏறினால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டையும் சேர்த்து இரண்டு அரை முடிச்சு. இப்போது எச்சில் தொட்டு நனைத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் மெதுவாக இழுங்கள். இந்த இழுப்பில்தான் முடிச்சே உருவாகிறது. பிரெய்டின் நிறம் சட்டென்று ஒரு படி கருத்து, சுற்றுகள் லீடரின் தோலில் அமுங்கி இறங்கும். நிறம் மாறவில்லை என்றால் இன்னும் இறுகவில்லை, அது வீச்சில் வழுக்கிக் கழன்றுவிடும். நிறம் மாறிய பிறகு லீடரின் மிச்ச நுனியை ஒட்ட வெட்டி, பிரெய்டு நுனியால் மேலும் ஐந்தாறு அரை முடிச்சு போட்டு முடியுங்கள்.

பாறை மேல் காற்றடிக்கும்போது இதைக் கட்டுவது சிரமம். அதனால் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். அங்கே அறுந்தால் அவசரத்துக்கு இரட்டை யூனி முடிச்சு போதும், அதில் பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் மூன்று சுற்று. வீசுவதற்கு முன்னால் முடிச்சு ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது கீழ்ப்பக்கமாக, ரீலின் உடலை ஒட்டி இருந்தால், பின்னால் வருகிற நரம்பு அதில் தட்டாது.

கேள்வி: ஈயம் கல்லில் மாட்டினால் இழுத்து அறுக்கும்போது விரலே வெட்டுப்பட்டுவிட்டது. தையல் போடும் அளவுக்கு ஆழம். பிரெய்டை எப்படித்தான் அறுப்பது?
(குளச்சல் வாசகர்)

பதில்: முதலில் காயம் முழுதாக ஆறட்டும், உப்புத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் வெறும் கையில் பிரெய்டைச் சுற்றவே சுற்றாதீர்கள், கையுறை போட்டிருந்தாலும் கூடாது. ஒரு சாண் நீளக் கட்டை, பழைய துடைப்பக் கட்டையில் வெட்டிய துண்டு போதும், பையில் எப்போதும் இருக்கட்டும். மாட்டியதும் உடனே பலம் காட்டாமல், நரம்பை நன்றாகத் தளர்த்திவிட்டு இரண்டு மூன்று அலை போகும் வரை நில்லுங்கள், பல சமயம் அலையே ஈயத்தைப் புரட்டி விடுவித்துவிடும். பக்கவாட்டில் பத்தடி நகர்ந்து வேறு கோணத்தில் இழுத்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நரம்பைக் கட்டையில் ஆறேழு சுற்று சுற்றி, ராடைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் பின்னால் நடங்கள். ராடை வளைத்து இழுத்தால் ராடுதான் உடையும். ஈயம் திடீரென்று விடுபட்டால் நேராக உங்களை நோக்கித்தான் பறந்து வரும்.

ஆனால் கேள்வியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கே அறுக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். உங்கள் கட்டிலேயே பலவீனமான ஒரு இடத்தை வையுங்கள். லீடரின் நுனியில் நேராக ஈயத்தைக் கட்டாமல், நடுவில் ஒரு சாண் 0.30 நைலான் போட்டு அதில் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். ஈயம் மாட்டினால் அந்தத் துண்டு மட்டும் போகும், மீனும் முள்ளும் லீடரும் முழு பிரெய்டும் உங்களிடமே வரும். பிரெய்டு அறுந்து கடலில் கிடந்தால் பல வருஷத்துக்கு மக்காது, ஆமை, பறவை, பக்கத்தில் வலை போடுகிறவரின் இயந்திரம் என்று எதில் வேண்டுமானாலும் சுற்றும். நம் கரையில் தூண்டில்காரர் எல்லோரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பலவீனத் துண்டோடு முழு வேகத்தில் வீசினால் அது காற்றிலேயே அறுந்து, 100 கிராம் ஈயம் தோட்டா மாதிரி பறக்கும். பக்கவாட்டில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மெதுவாகத் தூக்கிப் போடுவதற்கு மட்டும்தான் இந்தக் கட்டு. தூரமாக வீச வேண்டும் என்றால் ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்டு என்ற கணக்கில் லீடரின் பலம் இருக்க வேண்டும், ஈயமும் அந்த லீடரிலேயே நேராகக் கட்டியிருக்க வேண்டும்.

ஈயத்துக்குப் பதில் மெக்கானிக் கடையில் வீசி எறியும் பழைய ஸ்பார்க் பிளக்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசும் மிச்சம், ஈயம் கடலில் கிடக்கிற கெடுதலும் இல்லை.

கேள்வி: களவா மீன் கடித்தவுடன் கல்லுக்குள் ஓடிவிடுகிறது. நரம்பைத் தடிப்பாக்கினால் நிறுத்த முடியுமா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: நரம்பு தடித்தால் பயமில்லாமல் டிராக்கை (ரீலில் நரம்பு ஓடாமல் பிடிக்கிற பிடிப்பை) இறுக்கலாம், அதுதான் லாபம். நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் டிராக் வைக்கலாம் என்பார்கள். 50 பவுண்டு நரம்பென்றால் அது 7 கிலோவுக்கு மேல் வரும், வழுக்குப் பாறையில் நின்றுகொண்டு அவ்வளவை நீங்களே தாங்க மாட்டீர்கள். 4 கிலோவில் வையுங்கள். கையால் இழுத்துக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பார்த்து வையுங்கள்.

கடித்த முதல் இரண்டு மூன்று வினாடியில்தான் எல்லாம். இரையை அடியிலேயே கிடக்கவிட்டு ராடைக் கல்லில் சாய்த்துவிட்டுப் போனால், நீங்கள் ஓடி வருவதற்குள் அது வீட்டுக்குள் போயிருக்கும். ராடைக் கையிலேயே வைத்திருங்கள், கடி தெரிந்ததும் நிமிர்த்தி, பின்னால் இரண்டடி வைத்து, நிறுத்தாமல் சுற்றுங்கள். உள்ளே போய்விட்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க அது துடுப்பையும் செவுளையும் விரித்து இறுக்கிக்கொள்ளும், நரம்பு கல்லில் அரைபடும். நரம்பை முழுதாகத் தளர்த்திவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். பிடி விட்டது என்று நினைத்துச் சில சமயம் தானே வெளியே வரும், நரம்பு மெல்ல நகர்வது தெரியும், அப்போது ஒரே இழுப்பு.

கேள்வி: நிறம் முக்கியமா?
(மணப்பாடு வாசகர்)

பதில்: மீனுக்கு இல்லை, நீள லீடர் இருக்கிறதே. உங்களுக்குத்தான் முக்கியம். மஞ்சள், இளம்பச்சை மாதிரிப் பளிச்சென்று தெரிகிற நிறமாக வாங்குங்கள், நரம்பு எந்தக் கல்லை ஒட்டிப் போகிறது, அலை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற நரம்பும் நல்லது, மாட்டுகிற கல் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை அதற்கு முன்னால் தூக்கிவிடலாம். சாயம் சீக்கிரம் வெளுக்கும், அதனால் பலம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

கேள்வி: ஆடி மாதக் கடலுக்கு மெல்லிய பிரெய்டு போட்டால் அலையைத் தாண்டி வீசலாம் என்கிறார்கள், சரியா?
(கன்னியாகுமரி வாசகர்)

பதில்: வீசலாம், ஆனால் நிற்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கப் பாறைகளுக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நரம்பில் பாசி வேறு கொத்துக் கொத்தாகத் தொங்கும், மெல்லிய பிரெய்டில் அதை வழித்தெடுக்கவே நேரம் போய்விடும். பருவக்காற்று இல்லாத காலத்திலும் கள்ளக்கடல் இருக்கிறது. எங்கோ தெற்கே தூரக்கடலில் எழுந்த பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான், எச்சரிக்கையும் விடப்பட்டிருந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு, அந்த ஊர் மீனவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: 300 மீட்டர் ஸ்பூல் ஒன்றை வாங்கி நானும் நண்பரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாமா? எவ்வளவு நாள் வரும்?
(மாமல்லபுரம் வாசகர்)

பதில்: தாராளமாக. ஆளுக்கு 150 மீட்டர் கரைக்குப் போதும். அடியில் முதலில் நைலானைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். வெறும் ஸ்பூலில் நேராகப் பிரெய்டைக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும், டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஈரத்துணியால் நரம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்ற வேண்டும், தளர்வாகச் சுற்றினால் பாரம் விழும்போது மேல் சுற்று கீழே புதைந்து, அடுத்த வீச்சில் சிக்கு விழும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு முறை போய்வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். கல் கரையில் முதலில் கெடுவது முன்பக்கம் 20, 30 மீட்டர்தான். விரலில் ஓட்டிப் பார்த்து, பஞ்சு மாதிரி மயிர் எழுந்திருக்கிற இடம் வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டு லீடரைப் புதிதாகக் கட்டுங்கள். வெட்டி வெட்டி 100 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால், மிச்சத்தைக் கழற்றி, தேய்ந்த முன்முனை அடியில் போகும்படி வேறு ஸ்பூலில் தலைகீழாகச் சுற்றுங்கள். அடியில் கிடந்த பக்கம் அனேகமாகப் புதிதாகவே இருக்கும். வெட்டிய துண்டுகளைப் பாறையில் விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.